ஒன்பது சுருள்

மாவுக்கட்டு அறையின் பதிவேட்டை நம்புவதாக இருந்தால், உலகத்திலேயே ஆபத்தான இடம் குளியலறைதான். 'எப்படி முறிந்தது' என்ற கட்டத்தில் பக்கத்துக்குப் பக்கம் அதுதான் இருக்கும். குளியலறை, குளியலறை, மாடிப்படி, மறுபடி குளியலறை. பதினேழு வருஷமாக அந்தக் கட்டத்தை நிரப்பி வந்தவன் பஞ்சு. கட்டுப் போடுவதற்கு முன் தோல்மேல் பஞ்சு சுற்றுகிற ஆள் என்பதால் அந்தப் பெயர் வந்ததாக அவன் சொல்லிக்கொள்வான். ஆஸ்பத்திரியில் மற்றவர்கள் வேறு காரணம் சொல்வார்கள். வரிசையில் முந்துகிறவனுக்கு வழிவிட்டு, காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்கிற மனுஷனை வேறு எப்படிக் கூப்பிடுவது?

பிறந்ததிலிருந்து அவன் யார்மேலும் கை ஓங்கியதில்லை. அதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தான். நாள் முழுக்க முறிந்த எலும்புகளையே பார்க்கிறவனுக்கு அடிதடி என்றால் குமட்டத்தான் செய்யும். அந்தக் கொள்கையில் நல்ல மனசு எத்தனை பங்கு, மூக்குக்கண்ணாடி உடைந்துவிடுமே என்கிற பயம் எத்தனை பங்கு என்று அவன் பிரித்துப் பார்த்ததில்லை. பார்க்காத வரைக்கும் கொள்கை கம்பீரமாக இருந்தது.

அன்று காலை பத்தரை மணிக்கு அவன் தங்கை வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன் அண்ணே," என்றாள், அவன் கேட்பதற்கு முன்னாலேயே.

பஞ்சு எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டினான். மாட்டிய கை அங்கேயே நின்றுவிட்டது.

வழுக்கி விழுகிறவர்கள் உள்ளங்கையை ஊன்றுவார்கள். ஊன்றினால் மணிக்கட்டு போகும். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இரண்டு எலும்புகள் ஓடுகின்றன. அதில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும், நட்டநடுவில், குறுக்காக முறிந்திருந்தால் அந்தக் கை எதையும் ஊன்றவில்லை என்று அர்த்தம். முகத்தை மறைக்கத் தூக்கியிருக்கிறது. தூக்கிய கைமேல் எதுவோ இறங்கியிருக்கிறது.

"எதால அடிச்சான்?"

"வழுக்கிட்டேன்னு சொல்றேன்ல."

"பாப்பா."

அவள் தரையைப் பார்த்தாள். "குடையால. புதுக் குடை. பிடி மரத்துல செஞ்சது," என்றாள், குடையின் தரத்தை யாரும் குறைத்துப் பேசிவிடக் கூடாது என்பதுபோல.

மாப்பிள்ளையை 'அவர்' என்பதைத் தவிர வேறு மாதிரி பஞ்சு அதுவரை சொன்னதில்லை. அந்த மரியாதை அன்றைக்கு அவன் நாக்கிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. இந்தக் கதையில் மட்டும் பழக்கதோஷத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது மூன்றாவது தடவை. முதலில் மோதிர விரல், அப்புறம் தோள்பட்டை எலும்பு, இப்போது இது. முதல் இரண்டையும் கட்டியது பஞ்சுதான், பதிவேட்டில் குளியலறை என்று எழுதியதும் பஞ்சுதான். இதில் கூத்து என்னவென்றால், மாப்பிள்ளைக்கு வேலையே டைல்ஸ் கடையில். வழுக்காத டைல்ஸ். கல்யாணமான புதிதில் வீட்டுக் குளியலறைக்குத் தானே தேர்ந்தெடுத்துப் பதித்து, சோப்புத் தண்ணீரை ஊற்றி, வந்தவர்கள் எல்லாரையும் அதன்மேல் நடக்க வைத்தார். பஞ்சுவும் நடந்தான். உண்மையிலேயே வழுக்கவில்லை.

விரல் உடைந்தபோது பஞ்சு நேரில் போய்ப் பேசினான். ஒரு கிலோ ஆப்பிளையும் தன் கொள்கையையும் எடுத்துக்கொண்டு போனான். கோபம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது, பத்து வரைக்கும் எண்ணுவது, விட்டுக்கொடுப்பது என்று முக்கால் மணி நேரம் பேசினான். மாப்பிள்ளை கண் கலங்கக் கேட்டார். ஆப்பிளை அவரே நறுக்கியும் கொடுத்தார். கிளம்பும்போது பஞ்சு தங்கையிடம் தனியாகச் சொன்னான்: "நீ பதிலுக்குப் பதில் எதுவும் செஞ்சிடாதே. பொறுத்துப் போனா மனசு மாறிடுவாரு." அண்ணன் சொல்லைத் தட்டாதவள். பொறுத்துப் போனாள். கொள்கை அவனுடையது, அதைத் தாங்கிய எலும்பு அவளுடையது.

"இங்கேருந்து நேரா நம்ம வீட்டுக்குப் போறோம்," என்றான் இப்போது.

"வேண்டாண்ணே. அங்க வந்தா அவருக்கு இன்னும் வெறி ஏறும். பொறுத்துப் போனா மாறிடுவார்னு நீதானே சொன்னே?"

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். அதுதான் பஞ்சுவுக்குச் சுருக்கென்றது.

அவன் வாளியில் தண்ணீர் பிடித்தான். முன்னங்கைக்கு மாவுத்துணி நான்கு சுருள் போதும். நடுக்கம் உள்ள ஆள் என்றால் ஐந்து. பஞ்சைச் சுற்றிவிட்டு முதல் சுருளைத் தண்ணீரில் அமிழ்த்தினான், குமிழி அடங்கியதும் பிழிந்து சுற்றினான். நான்காவது முடிந்தது. ஐந்தாவதைப் பிரித்தான். ஆறாவதைப் பிரித்தபோது, கனமான கட்டு இறுகும்போது சூடேறித் தோலைப் பொசுக்கும் என்பது நினைவுக்கு வந்து, வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சில்லென்று வேறு தண்ணீர் பிடித்தான். அதாவது, யோசித்துத்தான் செய்தான். ஒன்பதாவது சுருளில் நிறுத்தினான்.

"என்னண்ணே, கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு?"

"வீட்டு வேலை செய்யற கை. மெல்லிசா போட்டா நொறுங்கிடும்."

பதிவேட்டில் குளியலறை என்று மூன்றாவது தடவையாக எழுதினான். அவளை வாசல்வரை கொண்டுவிட்டான்.

வீட்டில் அவன் மனைவி விஷயத்தைக் கேட்டதும் துணி மடிப்பதை நிறுத்தினாள். "அவரு கடையில விக்கிற வழுக்காத டைல்ஸ்ல ஊர்ல எவனும் விழலையாம். உங்க தங்கச்சிக்கு மட்டும் மூணு தடவை வழுக்குதா? போய் நாலு சாத்து சாத்திட்டு வாங்க."

"நானும் அடிச்சா அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

"ஒரே ஒரு வித்தியாசம்தான். அவன் அடிச்சா பாப்பாவுக்கு வலிக்கும். நீங்க அடிச்சா அவனுக்கு வலிக்கும்."

அன்றிலிருந்து பஞ்சுவுக்குள் ஒரு புதிய ஆள் குடியேறினான். மனித உடம்பில் இருநூற்றாறு எலும்புகள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஆள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மாப்பிள்ளைமேல் வைத்துப் பார்த்தான். கெண்டைக்கால் எலும்பு நன்றாக இருந்தது. குதிகால் இன்னும் நன்றாக இருந்தது, ஆறு மாசம் தரையில் ஊன்ற முடியாது. விலா எலும்பு சிரிக்கும்போதெல்லாம் வலிக்கும், ஆனால் அதற்குக் கட்டுப் போட முடியாது என்பதால் தொழில்ரீதியாக அவனுக்குத் திருப்தி இல்லை. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நர்ஸ், "என்ன பஞ்சு, தனியா சிரிக்கிறீங்க?" என்றாள். "வீட்டு ஞாபகம்," என்றான். பொய் இல்லை.

பதினோராவது நாள் மத்தியானம் மனைவி போன் செய்தாள். "பாப்பா பெட்டியோட வந்துட்டா. நல்லாத்தான் இருக்கா. வந்ததும் சாப்பாடு கேட்டா." போனை வைத்து அரை மணி ஆகவில்லை, கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு மாப்பிள்ளை வந்தார். வலது கை பூசணிப்பிஞ்சுபோல் வீங்கியிருந்தது.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன் மச்சான்."

பஞ்சு எக்ஸ்ரேயை மாட்டினான். சுண்டுவிரல் முட்டிக்குக் கீழே எலும்பு முறிந்து உள்பக்கமாக மடங்கியிருந்தது. விழுந்தால் இது முறியாது. முஷ்டியை இறுக்கி, முழு வேகத்தில், கல்மாதிரி எதன்மேலாவது குத்த வேண்டும். கல்மாதிரி ஒன்றை யார் செய்து அனுப்பியது என்று பஞ்சுவுக்குத் தெரியும். அவன் மயிர்க்கால்கள் சிலிர்த்தன. வெட்கத்தில் என்று சொல்ல ஆசைதான்.

"அந்த டைல்ஸா மாப்பிள? வழுக்காதே அது."

"சோப்பு மச்சான்," என்றார் மாப்பிள்ளை, சுவரைப் பார்த்தபடி.

எலும்பு டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, இழுத்து நேராக்கிவிட்டு, "முட்டியை நல்லா மடக்கி வச்சுக் கட்டிடுங்க பஞ்சு, வழக்கம்போல," என்று அடுத்த அறைக்கு ஓடினார். அவர் பஞ்சுவின் கட்டைத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திப் பத்து வருஷம் ஆகிறது.

முட்டியை மடக்கித்தான் கட்ட வேண்டும். நேராக நீட்டிக் கட்டினால் நாலு வாரத்தில் எலும்பு கூடிவிடும், முட்டி மட்டும் இறுகிப்போகும். அப்புறம் அந்தக் கை கரண்டி பிடிக்கும், பேனா பிடிக்கும். முழுசாக மூடாது. முஷ்டியாகாது, ஆயுசுக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. சில கைகள் அப்படித்தான் என்பார்கள்.

பஞ்சு மாப்பிள்ளையின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். விரல்களை ஒவ்வொன்றாக, பூப்போல, நேராக நீட்டினான்.

"வலிக்குதா மாப்பிள?"

"இல்ல மச்சான். உங்க கைக்கு ஒரு தனி ராசி. மெத்துன்னு இருக்கு."

நான்கே சுருள். அளவாக, அழகாக, விளிம்பெல்லாம் மழமழவென்று வழித்து. வாழ்க்கையில் அவ்வளவு நேர்த்தியாக அவன் கட்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் தங்கை நடந்ததைச் சொன்னாள். "முஷ்டிய ஓங்கிட்டு வந்தாரு. நான் கையைத் தூக்கினேன். அவ்வளவுதான் அண்ணே. பாத்திரம் விழுந்த மாதிரி ஒரு சத்தம். கத்துறது யாருன்னு பார்த்தா அவரு!" அவள் சிரித்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்க்கிறான். "அப்புறம் நானா ஒண்ணு வச்சேன், தோள்ல. அவரு கையப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தாரு. பெட்டிய எடுத்துட்டு வந்துட்டேன்."

பெருமையில் பஞ்சு, பதிலுக்குத் தானும் ஒரு பரிசு கொடுக்கிறவன்போல், மத்தியானம் செய்ததைச் சொன்னான். முட்டி, நாலு வாரம், முஷ்டியே பிடிக்க முடியாது. மனைவி "அப்படிப் போடுங்க!" என்று தொடையில் தட்டினாள்.

தங்கையின் சிரிப்பு நின்றுவிட்டது.

"உன் மடியிலயா வச்சுக் கட்டினே?"

"ஆமா."

"வலிக்குதான்னு கேட்டியா?"

"கேட்டேன். ஏன்?"

"நான் அவரு மூஞ்சியப் பார்த்துக்கிட்டுத் தூக்கினேன் அண்ணே. அடிக்க வர்றப்போ. நீ, அவரு உன்ன நம்பிக் கைய நீட்டிட்டு உக்காந்திருக்கறப்போ செஞ்சிருக்கே."

"உனக்காகத்தானே பாப்பா!"

"எனக்காகவா? நான்தான் இங்க வந்துட்டேனே. அந்தக் கை இனிமே எனக்கு எட்டுமா? விரல் உடைஞ்சப்போ எட்டுச்சு. அன்னிக்கு நீ ஆப்பிள் வாங்கிட்டுப் போனே."

மனைவி விட்டுக்கொடுக்கவில்லை. "இருக்கட்டுமே பாப்பா. நாளைக்கு வேற ஒருத்தியக் கட்டுவான். அவளாவது தப்பிக்கட்டும்னு வச்சுக்க."

"அதுக்கு நான் போலீஸ்ல வாயத் திறக்கிறேன் அண்ணி. அண்ணன் அந்த நோட்டுல நிஜத்தை எழுதட்டும். எழுதாம மூடி மூடி வச்சுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கு." பஞ்சுவைப் பார்த்தாள். "அந்தக் கட்டைப் பிரிச்சுச் சரியாப் போடு. ஏன் பிரிக்கிறேன்னு அவருகிட்ட சொல்லிட்டுப் போடு."

பஞ்சு அன்று சரியாகத் தூங்கவில்லை. பாவம் செய்துவிட்டோமே என்று தூங்காமல் இருந்திருந்தால் மெச்சிக்கொள்ளலாம். கையில் கிடைத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்ற வயிற்றெரிச்சல்தான்.

காலையில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டனுப்பினான். கட்டில் ஒரு சின்னக் கோளாறு என்றதும் ஓடி வந்தார். பஞ்சு மின்ரம்பத்தின் ஒயரைப் பிளக்கில் செருகினான். கட்டு வெட்டுகிற ரம்பம் சுற்றாது, அதிரும். கெட்டியான மாவை மட்டும் அறுக்கும், தோலில் பட்டால் கிச்சுக்கிச்சு மூட்டும். ஆனால் சத்தம் மட்டும் மரம் அறுக்கிற பட்டறை மாதிரி இருக்கும். அதனால் பதினேழு வருஷமாக ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னால் அதைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் பஞ்சு ஆரம்பிப்பான். அன்று காட்டவில்லை. இதைப் பற்றித் தங்கை பிறகு கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

"மச்சான்! மச்சான், அது கைய வெட்டிடாதுல்ல?"

"ஆடாம இருங்க மாப்பிள."

ரம்பம் இறங்கியது. வெள்ளைத் தூள் பறந்தது. மாப்பிள்ளையின் முகம் அந்தத் தூளைவிட வெளுத்தது. பஞ்சு நிதானமாக, தேவைக்கு இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டு அறுத்தான். அவர் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டிய ஒவ்வொரு முறையும் அவனுக்கு இனித்தது. தங்கையின் விரலுக்கு ஒன்று. தோள்பட்டைக்கு ஒன்று. குடைக்கு ஒன்று.

அப்புறம் ரம்பத்தை நிறுத்தினான். திடீர் அமைதியில் வாளியில் குழாய்த் தண்ணீர் சொட்டுவது கேட்டது.

"மாப்பிள, நேத்து உங்க கையத் தப்பாக் கட்டினேன். தெரியாம இல்ல, தெரிஞ்சேதான். அப்படியே விட்டிருந்தா உங்களால முஷ்டி பிடிக்கவே முடியாது. விட்டுடணும்னுதான் எனக்கு ஆசை. இப்பவும் ஆசைதான். பாப்பா வேண்டாம்னுட்டா. அதனால பிரிச்சேன்."

புரிவதற்கு மாப்பிள்ளைக்குச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் எழுந்து கத்தினார். "உன் வேலையக் காலி பண்றேன்டா! கம்ப்ளெயின்ட் எழுதறேன்! டாக்டர்!"

"எழுதுங்க. அந்தக் கையால முடியாது, நானே எழுதித் தர்றேன்." பஞ்சு பதிவேட்டை இழுத்தான். குரல் நடுங்கவில்லை, அது அவனுக்கே ஆச்சரியம். "என் தப்பு ஒரு வரி. உங்க தப்பு மூணு வரி. நாலையும் ஒரே பக்கத்துல எழுதி டாக்டர்கிட்ட காட்டுவோம். இல்ல, உக்காருங்க, சரியாக் கட்டி விடறேன். எப்படியும் நாலையும் எழுதத்தான் போறேன்."

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். பஞ்சு எழுதினான். விரல், குளியலறை இல்லை, கணவர் முறுக்கியது. தோள்பட்டை, கணவர் தள்ளியது. முன்னங்கை, கணவர் குடையால் அடித்தது. கடைசியாக, நேற்றைய தேதியில்: கை, கட்டுப் போடுபவர் வேண்டுமென்றே தவறாகக் கட்டியது. டாக்டர் படித்தார். திரும்பவும் படித்தார். "பஞ்சு, நீங்களா?" என்றார். எந்த வரியைக் கேட்கிறார் என்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பஞ்சு தலையாட்டினான்.

புதுக் கட்டை டாக்டரே பக்கத்தில் நிற்க, முட்டியை மடக்கி, விதிப்படி கட்டினான். மாப்பிள்ளை இந்தத் தடவை கையைப் பற்றி எதுவும் புகழவில்லை. கிளம்பும்போது பஞ்சு சொன்னான்: "நாலு வாரத்துல நல்லா ஆயிடும். நல்லா முஷ்டி பிடிக்கலாம். ஆனா அதோட என் வீட்டு வாசலுக்கு வந்தீங்கன்னா, நான் ஆப்பிள் வெட்ட மாட்டேன்."

பதிவேட்டின் அந்தப் பக்கம் போலீசுக்குப் போயிற்று. மாப்பிள்ளைமேல் வழக்கு, பஞ்சுவுக்கு இரண்டு மாசம் தற்காலிக வேலைநீக்கம். ஆகவே தங்கையின் கட்டைப் பிரிக்கிற நாளில் பஞ்சு வெளியே நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உள்ளே ரம்பம் ஓடிக்கொண்டே இருந்தது. நாற்பது நிமிஷம். அவனுக்குப் பதிலாக வந்திருந்த ஆளின் குரல் கதவைத் தாண்டி வந்தது.

"எந்த மடையன்மா இதைக் கட்டினது? வீடு கட்டற மாதிரி கட்டியிருக்கான்!"

"எங்க அண்ணன்தான்," என்றாள் தங்கை. அவள் குரலில் சிரிப்பு இருந்தது.

வெளியே வந்தாள். கை மெலிந்து, வெளுத்து, புதிதாகப் பிறந்ததுபோல் இருந்தது. இன்னொரு கையில் துணிப்பை. பைக்குள் கட்டின் இரண்டு பாதிகள்.

"இதை எதுக்குத் தூக்கிட்டு வர்றே? அங்கயே போட்டுட்டு வந்திருக்கலாமே?"

"இருக்கட்டும்ணே."

அந்தப் பை இப்போது பஞ்சுவின் வீட்டில், வாசல் கதவுக்குப் பின்னால், மூலையில் இருக்கிறது. மனைவி பெருக்கும்போது அதை எடுத்து வைத்துவிட்டு, பெருக்கி முடித்ததும் அதே இடத்தில் திரும்ப வைக்கிறாள். பஞ்சு இன்றுவரை யார்மேலும் கை ஓங்கியதில்லை. கொள்கை என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால், இருக்கிறது என்பான். பொய் இல்லை. ஆனால் அழைப்பு மணி அடிக்கும்போது, எழுந்து போய்த் தாழ்ப்பாளில் வலது கையை வைப்பதற்கு முன், அவன் இடது கை தானாக அந்த மூலைப் பக்கம் போய், பை அங்கேதான் இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறது.